எஃப்-150 அலுமினிய பெட்டுக்கு ஸ்ப்ரே லைனர்: லைன்-எக்ஸா, ரைனோவா, ராப்டரா?

கல்வேலை_ஸ்காபரோ:

வணக்கம். 2019 ஃபோர்ட் எஃப்-150 பிக்கப், ஐந்தரை அடி பெட் (பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு), பழசாக வாங்கினது. பெட்டுக்கு ஸ்ப்ரே லைனர், அதாவது உள்ளே அடிக்கிற தடித்த காப்புப் பூச்சு, போட வேணும். உள்ளுக்குத் தொழிற்சாலைப் பெயின்ட் மட்டும்தான். முதல் வைத்திருந்தவர் பிளாஸ்டிக் டிராப்-இன் லைனர் போட்டு ஓடியிருக்கிறார். அதைக் கழற்றிப் பார்த்தால் முன்சுவரிலும் வீல் வெல் (சக்கரக் கூடு) மேட்டிலும் பெயின்ட் தேய்ந்து வெறும் அலுமினியம் தெரியுது. சில இடத்தில் பெயின்டுக்குக் கீழே வெள்ளையாகப் பொருக்கு மாதிரி எழும்பியிருக்கு.

வேலை இன்டர்லொக் கல் பதிக்கிறது. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரைக்கும் கல்லு, ஸ்கிரீனிங்ஸ் (கல்லுத்தூள்), கால் அங்குலச் சல்லி எல்லாம் ஏற்றி ஷவலால் அள்ளுகிறது. பனிக்காலத்தில் உப்பு மூட்டையும் ஸ்னோ ப்ளோவரும். வண்டியை இன்னும் ஏழெட்டு வருஷம் வைத்திருக்கிற எண்ணம்.

கடைக்குக் கடை வேற வேற கதை. லைன்-எக்ஸ்தான் கடினம் என்கிறார் ஒருவர், ரைனோ தடிப்பு என்கிறார் இன்னொருவர். ராப்டர் கிட் வாங்கி வீட்டு கராஜில் அடித்தால் அதே வேலைதான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஷவல் வேலைக்கு எது நிற்கும்? அலுமினியம் என்றதால் ஏதும் விசேஷமாகப் பார்க்க வேணுமோ? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.


ஸ்ப்ரேகன்:

தம்பி, பெயரை விட்டுவிட்டு முதலில் மூன்று விஷயம் கேளுங்கோ: எத்தனை மில் தடிப்பு, எந்த கிரிட்டில் (உப்புத்தாளின் சொரசொரப்பு எண்) சாண்ட் பண்ணுகிறார்கள், வெறும் உலோகத்துக்கு என்ன பிரைமர். இதுக்கு உடனே பதில் சொல்லாத கடையில் எந்தப் பெயர்ப் பலகை தொங்கினாலும் வேலை சரிவராது. அநேகமான லைனர் கடைகள் ஒரே பெயரின் கீழ் தனித்தனி ஆட்கள் நடத்துகிறது. மருந்து (லைனர் இரசாயனம்) ஒன்றுதான், கை வேற.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் அடிக்கிறது இரண்டு ட்ரம்மில் வரும். ஏ பக்கம் ஐசோசயனேட், பி பக்கம் ரெசின். இரண்டும் ஒன்றுக்கு ஒன்று அளவில் கன்னுக்குள்ளே சந்திக்கும். பி பக்கத்தில் என்ன இருக்கு என்றதைப் பொறுத்துப் பாலியூரிதேன், பாலியூரியா, இரண்டும் கலந்த ஹைபிரிட் என்று பிரியும். லைன்-எக்ஸ் போன்ற உயர் அழுத்த முறையில் இரண்டு பக்கத்தையும் 60 இலிருந்து 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, 2,000 பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தில் அடிப்பார்கள். சில வினாடியில் இறுகிவிடும். அதனால் நிமிர்ந்த சுவரிலும் வழியாமல் தடிப்பாகக் கட்டலாம். ரைனோ தொடக்கத்தில் இருந்தே பெயர் எடுத்தது குறைந்த அழுத்த முறையில் அடிக்கிற மென்மையான, ரப்பர் போன்ற லைனருக்கு. இப்போது அவர்களிடமும் கடின வகை இருக்கு. ஆகவே 'ரைனோ' என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல ஏலாது. எந்த புராடக்ட் என்று பெயரோடு கேளுங்கோ.

மென்மையான லைனரில் பெட்டிகள் சறுக்காது. தளபாடம், டூல் பாக்ஸ், பைக் ஏற்றுகிறவர்களுக்கு அது நல்லது. உங்களுடைய கதை வேற. சதுர முனை ஷவலால் தரையைச் சுரண்டும்போது மென்மையான மேற்பரப்பில் முனை கடித்துக் கிழிக்கும். கடின வகையில் ஷவல் வழுக்கிக்கொண்டு ஓடும், கீறல் விழும், ஆனால் துண்டு பெயராது. அள்ளுகிற வேலைதான் கூட என்றால் கடின வகை. மேற்பரப்புச் சொரசொரப்பும் மெல்லியதாகக் கேளுங்கோ. பெரிய பருக்கை இருந்தால் ஸ்கிரீனிங்ஸ் தூள் அதுக்குள்ளே இறுகிப்போய் ஹோஸ் அடித்தாலும் போகாது. முழங்காலில் ஏறி நின்று வேலை செய்கிறவருக்கும் பெரிய பருக்கை தோலை உரிக்கும்.

தடிப்பு: ஒரு மில் என்றால் ஆயிரத்தில் ஒரு அங்குலம். தரைக்கு 125 மில், அதாவது எட்டில் ஒரு அங்குலம் வேணும். சுவருக்கு 60 மில் போதும். முன்சுவரின் கீழ்ப்பாதிக்கும் தரைத் தடிப்பையே கேளுங்கோ. பிரேக் பிடிக்கும்போது கல்லு போய் மோதுகிற இடம் அது. விலைக் கோட்டேஷனில் 'ஸ்ப்ரே லைனர், அண்டர்-ரெயில்' (பெட் சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே மட்டும்) என்று ஒற்றை வரி எழுதித் தந்தால் ஏற்க வேண்டாம். தரை எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கோ.

இன்னொன்று. லைனர் பெயின்டையும் உலோக மேற்பரப்பையும் காக்கும். நெளிவைத் தடுக்காது. 2016 இல் ஷெவ்ரோலே ஒரு விளம்பரம் விட்டது ஞாபகம் இருக்கலாம்: லைனர் இல்லாத எஃப்-150 பெட்டுக்குள் ஐந்தடி உயரத்திலிருந்து 55 கல்லு, 825 இறாத்தல், ஒன்றாகக் கொட்டிக் காட்டினார்கள். அலுமினியத் தரையில் ஓட்டை விழுந்தது. எட்டில் ஒரு அங்குல லைனர் இருந்தால் முனைகள் குத்துகிறது குறையும், ஆனால் லோடர் பக்கெட்டால் கல்லை மேலிருந்து விட்டால் தரை பள்ளமாகத்தான் செய்யும். அந்த மாதிரி ஏற்றுகிற நாளில் முக்கால் அங்குல பிளைவுட் ஒன்றைத் தரையில் போட்டுவிடுங்கோ. வேலை முடிய எடுத்துவிடலாம்.

பாரக் கணக்கும் பார்த்துவிடலாம். தரை ஏறத்தாழ 30 சதுர அடி, சுவரும் டெயில்கேட்டும் வீல் வெல்லும் சேர்த்து 45. மேலே சொன்ன தடிப்பில் 15, 16 லீட்டர் மருந்து இறங்கும், கிட்டத்தட்ட 17 கிலோ. உங்கள் பேலோடில் (வண்டி ஏற்றக்கூடிய பாரம்) இருந்து அது கழியும். டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள எண்ணை ஒருதரம் பாருங்கோ. கல்லு ஏற்றுகிற எஃப்-150 எல்லாம் அந்த எண்ணுக்குக் கிட்டத்தான் ஓடுது.


பாடிஷாப்_மிசிசாகா:

ஸ்ப்ரேகன் சொன்னதோட சேர்த்து அலுமினியம் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அந்த வெள்ளைப் பொருக்குதான் இதுல முக்கியமான விஷயம்.

எஃப்-150 பாடி 2015 மாடல்ல இருந்து அலுமினியம். இரும்பு மாதிரி செந்துரு வராது, ஆனா ரோட்டு உப்புல இருக்கிற குளோரைடு பெயின்ட் கீறல் வழியா உள்ள போய் அலுமினியத்தை அரிக்கும். அதுதான் நீங்க பாத்த வெள்ளைப் பொடி. டிராப்-இன் லைனர் இருந்த பெட்ல இது எப்பவுமே இருக்கும். பிளாஸ்டிக் அடியில ஈரமும் உப்பும் தங்கும், வண்டி ஆடும்போது மணல் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கும். அந்தப் பொருக்கு மேலயே லைனர் அடிச்சா, அரிப்பு உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டேதான் இருக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. ரெண்டு பனிக்காலம் போனா லைனர் உப்பி, கையால உரிச்சா பெயின்டோட சேர்ந்து வரும்.

அதனால பெயின்ட் எழும்பின இடத்துல எல்லாம் பெயின்டை ஓரம் வரைக்கும் எடுக்கணும். எங்க பெயின்ட் நல்லா ஒட்டி இருக்கோ அங்க வந்து நிறுத்தணும். பள்ளத்துக்குள்ள வெள்ளை ஒரு துளிகூட இருக்கக் கூடாது. இங்க ஒரு கண்டிப்பு: இரும்பு வேலைக்குப் பயன்படுத்தின வயர் பிரஷ், டிஸ்க், ஸ்டீல் வூல் எதுவும் அலுமினியத்துல படக் கூடாது. இரும்புத் துகள் உள்ள பதிஞ்சிடும், ஈரம் பட்டதும் அந்தப் புள்ளியிலேயே அரிப்பு ஆரம்பிக்கும். புது அலுமினியம்-ஆக்சைடு உப்புத்தாள், இல்லேன்னா நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க். கடைக்காரர்கிட்ட இதை நேரடியாவே கேளுங்க. பல லைனர் கடைல ஒரே வயர் வீலைத்தான் எல்லா வண்டிக்கும் போடுவாங்க.

சாண்ட் பண்ணின அலுமினியம் காத்துல பட்டவுடனே ஆக்சைடு படலம் கட்ட ஆரம்பிச்சிடும். அதனால சுத்தம் பண்ணி, கரைப்பான்ல துடைச்சு, அன்னைக்கே பிரைமர் போடணும். எபாக்ஸி பிரைமர்தான் என் தேர்வு. ஆசிட் எச் பிரைமரும் அலுமினியத்தை நல்லா பிடிக்கும், ஆனா எச் பிரைமர் மேல எபாக்ஸி அடிக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான். தொழிற்சாலைப் பெயின்ட் நல்லா இருக்கிற இடத்துல பிரைமர் தேவையில்ல, பளபளப்பு ஒரு இடத்துலகூட மிச்சம் இல்லாம சொரசொரப்பாக்கினா போதும். கடை லைனருக்கு 36ல இருந்து 60 கிரிட் வரைக்கும் போடுவாங்க. தரையோட வரிப்பள்ளங்களோட ரெண்டு பக்கச் சரிவும், வீல் வெல் தரையோட சேர்ற மூலையும்தான் மெஷின் போகாத இடம். அங்க கையால தேய்க்கணும். உரியற லைனர் பெரும்பாலும் அங்க இருந்துதான் உரியும்.

இனி ராப்டர். மட்டமான பொருள் இல்ல, ஆனா கடை லைனரோட ஒப்பிடறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. ஒரு பாட்டில்ல 750 மில்லி மருந்து, 250 மில்லி ஹார்டனர் ஊத்தினா ஒரு லிட்டர். நாலு பாட்டில் கிட்ல ஒரு கோட்டுக்கு 100ல இருந்து 125 சதுர அடி போகும். உங்க பெட் 75 சதுர அடி, ரெண்டு கோட் வேணும், அப்ப 150. நாலு பாட்டில் பத்தாது, ஆறு எடுங்க. அந்த ஆறு லிட்டரையும் அடிச்சாலும் ஈரமா இருக்கும்போது தடிப்பு 34 மில்தான். கரைப்பான் ஆவியானதும் அதுல பாதி மாதிரிதான் மிச்சம். கடைல போடற 125 மில்ல கரைப்பானே இல்ல, அடிச்சது அப்படியே நிக்கும். ஏழுல ஒரு பங்கு தடிப்பை ஷவல் வேலைக்கு நம்ப முடியாது. வாரக் கடைசியில சாமான் ஏத்தறவருக்கு, பழைய ஜீப் தரைக்கு, ராக்கர் பேனலுக்கு எல்லாம் ராப்டர் அருமையான பொருள்.

அப்படியும் நீங்களே அடிக்கப் போறீங்கன்னா: 180 கிரிட், பாட்டிலை ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கறது, ஷட்ஸ் ஸ்ப்ரே கன்ல 40ல இருந்து 60 பிஎஸ்ஐ, தூரம் 45 சென்டிமீட்டர். அழுத்தம் கூட வச்சா பருக்கை சின்னதாகும், குறைச்சா பெருசாகும். கம்ப்ரசர்ல வாட்டர் டிராப் (காத்துல வர்ற ஈரத்தைப் பிடிக்கிறது) கட்டாயம். 20 டிகிரில ஹார்டனர் கலந்த பாட்டில் ஒரு மணி நேரம்தான் தாங்கும், அதனால ஒண்ணு ஒண்ணா கலங்க. முதல் கோட்டுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஒரு மணி நேரம். கல்லு ஏத்த ஒரு வாரம் பொறுக்கணும்.

மூச்சுக்காத்து விஷயத்துல விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அடிக்கும்போது வர்ற புகைமூட்டம் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருதரம் உடம்பு அதுக்கு ஒவ்வாமை ஆயிடுச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலே மூச்சு முட்டும், வாழ்நாள் முழுக்க. வாசனையை வச்சு அளவு தெரியாது, வாசனை வர்றதுக்குள்ள அளவு மீறியிருக்கும். மாஸ்க்கோட ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் எப்ப தீர்ந்துச்சுன்னும் அதனால தெரியாது. வெளிக்காத்து குழாயில வர்ற மாஸ்க்தான் சரி. வீட்டோட ஒட்டின கராஜ்ல, உள்கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தைங்க இருக்கும்போது இதை அடிக்கவே அடிக்காதீங்க.


கல்வேலை_ஸ்காபரோ:

இரண்டு பேருக்கும் நன்றி. ராப்டர் யோசனையை விட்டுவிட்டேன், கடையில் கடின வகைதான்.

இன்னும் சில சந்தேகம். போன இலையுதிர் காலத்தில் க்ரோன் துருத்தடுப்பு எண்ணெய் அடித்தது, ஒவ்வொரு வருஷமும் அடிக்கிற எண்ணம். அது லைனருக்குப் பிரச்சினையோ? மற்றது, பனிக்காலத்தில் டெயில்கேட் பக்கம் ஒரு சின்ன உப்பு ஸ்ப்ரெடர் போல்ட் போட்டுப் பூட்ட வேணும். கோடையில் டூல் நனையாமல் இருக்க மடிக்கிற டொனோ கவர் (பெட்டின் மேல் மூடி) போடலாம் என்றும் இருக்கிறேன். அப்படியென்றால் ஓவர்-ரெயிலா (மேல்விளிம்பையும் மூடி அடிக்கிறது), அண்டர்-ரெயிலா?


ஸ்ப்ரேகன்:

எண்ணெயைக் கேட்டது நல்லது, ஒன்டாரியோவில் லைனர் கழன்றுபோகிறதுக்கு இது ஒரு பெரிய காரணம். அந்த வகை எண்ணெய் செய்கிற வேலையே இடுக்குக்குள் ஊர்ந்து போகிறதுதான். பெட்டின் அடியில் அடித்தது தையல் மூட்டு வழியாகவும் வடிகால் துளை வழியாகவும் போல்ட் துளை வழியாகவும் மேலே ஏறி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு மேல் அடித்தால் லைனர் ஒட்டாது, அல்லது மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இது. இந்த வருஷம் லைனர் போடும் வரைக்கும் எண்ணெய் அடிக்க வேண்டாம். கடைக்காரரிடம் எண்ணெய் அடித்த வண்டி என்று முன்கூட்டியே சொல்லுங்கோ, மறைக்க வேண்டாம். டிகிரீசரும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகுதான் சாண்டிங். சாண்ட் பண்ணிவிட்டுக் கழுவினால் எண்ணெய் கீறலுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க ஏலாது. சாண்டிங் முடிய திரும்பக் கரைப்பான் துடைப்பு, ஒரு துணியால் நனைத்து மற்றத் துணியால் உடனே துடைக்கிறது. வெள்ளைத் துணி. துணியில் மஞ்சளோ கறுப்போ வராமல் போகும் வரைக்கும் துடைக்க வேணும். மூட்டுகளில் காற்று ஊதிப் பார்க்கச் சொல்லுங்கோ. எண்ணெய் இருந்தால் சின்னச் சின்னத் துளியாக வெளியே வரும். லைனர் போட்டு ஒரு கிழமை கழிந்ததும் வழக்கம்போல எண்ணெய் அடிக்கலாம், இறுகின லைனருக்கு அது ஒன்றும் செய்யாது.

மாதம் எது என்றும் யோசியுங்கோ. உலோகத்தின் சூடு பனிபடு நிலையை (காற்றின் ஈரம் படியத் தொடங்குகிற வெப்பநிலை) விடக் குறைந்தது 3 பாகை மேலே இருக்க வேணும். வெளியில் நின்ற வண்டியைக் காலையில் உள்ளே கொண்டுவந்து உடனே அடித்தால், குளிர்ந்த உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். ஐசோசயனேட் தண்ணியோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும், லைனருக்குள் குமிழி நிற்கும். மார்ச், ஏப்ரலில் செய்கிறதென்றால் வண்டியை முதல் நாள் இரவே கடைக்குள் விடுங்கோ. மூட்டுகளில் உறைந்த பனி உருகி வடியவும் அந்த இரவு வேணும்.


டெயில்கேட்_பிராம்ப்டன்:

ரெயில் கேள்விக்கு: டொனோ கவர் போடுகிறதென்றால் அண்டர்-ரெயில். யோசிக்கவே தேவையில்லை. மடிக்கிற கவரின் கிளாம்ப் ரெயிலின் உள்விளிம்பைப் பிடிக்கும். அந்த விளிம்பில் லைனர் ஏறினால் கிளாம்ப் சரியாக உட்காராது, சீல் சொரசொரப்பின் மேல் படுத்துத் தண்ணி உள்ளே போகும். அதோடு உங்கள் ரெயிலில் பிளாஸ்டிக் கேப் இருக்கு. பிளாஸ்டிக் சூட்டுக்கும் குளிருக்கும் அசைகிற அளவு வேற, அதுக்கு மேல் அடித்த லைனர் ஓரத்தில் இருந்து விடும். கவரை ஏற்கனவே வாங்கியிருந்தால் கிளாம்ப் இறங்குகிற உயரத்தை அளந்து டேப்பால் அடையாளம் போட்டுக் கொடுங்கோ. லைனர் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கட்டும்.

ஸ்ப்ரெடருக்கு: போல்ட் இறுக்குகிற எந்தப் பிராக்கெட்டும் லைனரின் மேல் உட்காரக் கூடாது. பாலியூரிதேன் அழுத்தத்தில் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போகும். இன்றைக்கு இறுக்கின போல்ட் ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும். ஆகவே பிராக்கெட் வருகிற இடங்களை முதலில் குறித்து, துளை போட்டு, துளையின் ஓரத்துக்கும் பிரைமர் பூசி, அந்த அடிப்பரப்பை மட்டும் மாஸ்க் பண்ணி அடிக்கச் சொல்லுங்கோ. பிறகு பிராக்கெட் உலோகத்தின் மேல் நேரே நிற்கும், சுற்றிவர லைனர் இருக்கும். பிராக்கெட் இரும்பு, பெட் அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணி: மூன்றும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும். இடையில் மெல்லிய நைலான் தகடு வையுங்கோ, போல்ட்டுக்கும் நைலான் வாஷர். ரப்பர் வைத்தால் திரும்ப அமுங்கல் பிரச்சினைதான். பாக்ஸ்லிங்க் தகடுகளும் (சாமான் கட்டுகிறதுக்கு ஃபோர்ட் வைத்த தகடு) டை-டவுன் வளையங்களும் இதே மாதிரித்தான்: கழற்றிவிட்டு அடிக்க வேணும், மேலால் அடிக்கக் கூடாது. போல்ட் துளையின் மரைக்குள் மருந்து போகாமல் பழைய போல்ட் ஒன்றைத் திருகி வைத்தால் போதும்.

டெயில்கேட்டைத்தான் அநேகமானவர்கள் மறக்கிறது. உள்பக்கத்தில் ஸ்க்ரூ போட்ட ஒரு தகடு இருக்கும். அதுக்குப் பின்னால்தான் லாட்ச், கம்பி, பூட்டு மோட்டார் எல்லாம். கடைக்காரர் மூடி அடித்துவிட்டால், பிறகு லாட்ச் பழுதாகும் நாளில் கத்தியால் வெட்டித்தான் திறக்க வேணும். தகட்டைக் கழற்றித் தனியாக அடித்து, அதைச் சுற்றி ஒரு கோடு விடச் சொல்லுங்கோ. வடிகால் துளைகளையும் பிளக் வைத்து அடித்து, அடித்த உடனே பிளக்கை எடுக்க வேணும். ஒரு துளை அடைபட்டாலும் உப்புத் தண்ணி அந்த மூலையில் நிற்கும்.


பழையசோறு:

இவ்வளவு செலவு எதுக்கு? அரை இஞ்ச் ரப்பர் மேட் ஒண்ணு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. நெளிவுக்கும் லைனரைவிட அதுதான் தாங்கும்.


பாடிஷாப்_மிசிசாகா:

நெளிவு விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், ரப்பர் அடி வாங்கும். ஆனா இவர் வண்டில பெயின்ட் ஏற்கனவே போயிருக்கு, வருஷத்துல பாதி உப்பு மூட்டை. வெறும் அலுமினியம் மேல மேட் போட்டா அடியில உப்புத் தண்ணி காயவே காயாது. டிராப்-இன் செஞ்ச அதே வேலையை மேட்டும் செய்யும். சுவரும் வீல் வெல்லும் திறந்தே கிடக்கும், முதல்ல அரிச்சதும் அங்கதான். லைனர் போட்டு, அதுக்கு மேல கோடையில மட்டும் மேட் போட்டா ரொம்ப நல்லது. பனிக்காலத்துல எடுத்திடுங்க.

கல்வேலை, இன்னொண்ணு விட்டுப்போச்சு, நிறம். கறுப்பு லைனர்ல பெரும்பாலானது அரோமேட்டிக் வகை, வெயில்ல ரெண்டு மூணு வருஷத்துல சாம்பல் பூத்த மாதிரி ஆகும். அலிஃபேடிக் மேற்பூச்சு போட்டா நிறம் நிக்கும், அதுக்குத் தனியா காசு கேப்பாங்க. வேலை வண்டிக்கு அது வேண்டாம்னுதான் சொல்வேன். வெளுக்கிறது மேல் தோல் மட்டும்தான், அடியில பலம் குறையாது. அந்தக் காசுக்குத் தரையில இன்னும் கொஞ்சம் தடிப்பு கேளுங்க. 'லைஃப்டைம் வாரன்டி' தாளையும் படிச்சுப் பாருங்க. உரியறது, வெடிக்கறது, குமிழி இதுக்கெல்லாம் இருக்கும், வெளுக்கறதுக்குப் பெரும்பாலும் இருக்காது, முதல் உரிமையாளருக்கு மட்டும்னும் இருக்கும். நீங்க இப்ப போடறதால உங்க பேர்லதான் எழுதுவாங்க, அது சரி.


ஸ்ப்ரேகன்:

வண்டியை எடுக்கப் போகிற நாளில் என்ன பார்க்க வேணும் என்றதையும் சொல்லிவிடுகிறேன். பகல் வெளிச்சத்தில் போங்கோ, கையில் ஒரு டார்ச்.

முதலில் ஓரம். நல்ல கடையில் ரெயிலுக்குக் கீழே மெல்லிய கம்பி பதித்த டேப் ஒட்டி, அதுக்கு மேலால் அடித்து, மருந்து இறுகி முடிகிறதுக்குள் அந்தக் கம்பியை இழுப்பார்கள். லைனர் கத்தியால் வெட்டின மாதிரி நேராகப் பிரியும். பிந்தி இழுத்தால் ஓரம் பிய்ந்து, உலோகத்தை விட்டு மேலே தூக்கி நிற்கும். நகத்தை அந்த ஓரத்தில் வைத்து ரெயில் நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கோ. நகம் கீழே நுழைகிற இடம் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு பெட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு வீல் வெல்லின் பின்பக்கம், முன்மூலைகள், ரெயில் உதட்டின் அடிப்பக்கம். கன் நேரே பார்க்காத இடம் எல்லாம் மெல்லியதாகத்தான் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பழைய பெயின்ட் நிறம் ஊடாகத் தெரியும்.

அடுத்தது பெருவிரலால் தரையில் அங்கங்கே அழுத்துங்கோ. எங்கேயாவது பிசுபிசுப்பாகவோ மற்ற இடத்தை விட மென்மையாகவோ இருந்தால் ஏ, பி இரண்டும் ஒன்றுக்கு ஒன்று வரவில்லை. கன்னில் ஒரு பக்கம் அடைபட்டால் இப்படி வரும். அது நாள் போனாலும் இறுகாது. வெட்டி எடுத்துத் திரும்ப அடிக்கத்தான் வேணும். தடிப்பு அளக்கிற மீட்டர் கடையில் இருக்கும், அளந்து காட்டச் சொல்லுங்கோ. ஒரு கவனம்: காந்த வகை மீட்டர் இரும்புக்கு மட்டும்தான், உங்கள் பெட்டில் அது ஒன்றும் காட்டாது. அலுமினியத்துக்கு எடி கரன்ட் மீட்டர் வேணும், அதுவும் 3.2 மில்லிமீட்டருக்கு மேல் அளக்கிறதாக இருக்க வேணும். அது இல்லாத கடை என்றால், அடிக்கும்போது பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டையும் வைத்துச் சேர்த்து அடித்துத் தரச் சொல்லலாம். அதை வெர்னியரால் அளந்தால் தரைத் தடிப்பு தெரிந்துவிடும்.

கைக்கு உடனே காய்ந்தது போலத்தான் இருக்கும். டூல், வெறும் பெட்டி எல்லாம் அடுத்த நாள் ஏற்றலாம். கல்லுக்கு மூன்று நாள் விடுங்கோ. பெட்ரோல் கேனும் பிரேக் ஆயிலும் அந்தக் கிழமை உள்ளே வைக்க வேண்டாம். பின்னுக்கு எங்கேயாவது வெட்டு விழுந்து உலோகம் தெரிந்தால், உப்புக் காலம் வரமுதல் கொண்டுபோய் ஒட்டுப் போடுங்கோ. ஒட்டுப் போட்ட இடம் நிறத்தில் தெரியும், ஆனால் பிடிக்கும். வெல்டிங் வேலை ஏதும் வந்தால் மட்டும் அந்த இடத்து லைனரைச் சுற்றிவரச் சுரண்டி எடுத்த பிறகுதான் நெருப்பு வைக்க விட வேணும், எரிகிற லைனரில் இருந்து வருகிற புகையிலும் ஐசோசயனேட் இருக்கு.


கல்வேலை_ஸ்காபரோ:

மிச்சம் நன்றி. தரை 125, முன்சுவர் கீழ்ப்பாதி 125, மிச்சச் சுவர் 60, அண்டர்-ரெயில், டெயில்கேட் தகடு தனி, ஸ்ப்ரெடர் துளை முதலில், வெள்ளைப் பொருக்குக்கு எபொக்சி. இதை அப்படியே எழுதிக் கடைகளுக்கு அனுப்புகிறேன். வயர் வீல் கேள்வியையும் சேர்த்துத்தான்.